பணத்தாள் செதுக்கிய கை

பீடோரில் என்னிடம் படித்த பையன்கள் சிலர் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு மோட்டார் பட்டறைக்கு வேலை பழகப் போய்விட்டார்கள். வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களை நிறுத்தி நான் சொல்லும் கதை ஜார்ஜ் ஸ்மித்தினுடையது.

1840-இல் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில், பணத்தாள் அச்சடிக்கும் தகடுகளைச் செதுக்கும் வேலை பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. மதிய உணவு நேரத்தில் மட்டும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவார். இன்றைய ஈராக்கில் உள்ள பழைய நினிவே நகரத்துக் களிமண் பலகைகள் அங்கே உடைந்து குவிந்து கிடந்தன.

அந்தப் பலகைகளின் கதையே தனி. ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியின் முனையை அழுத்தினால் ஆப்பு வடிவில் தடம் விழும். அதுதான் ஆப்பெழுத்து. பாபிலோனியரும் அசீரியரும் தங்கள் அக்காடிய மொழியை இப்படித்தான் எழுதினார்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசூர்பனிபால் என்ற அரசர் பலகைகளைச் சேர்த்து நூலகமே வைத்திருந்தார். கி.மு. 612-இல் எதிரிகள் நினிவேயைக் கொளுத்தினார்கள். நம் ஓலைச்சுவடி என்றால் சாம்பல்தான். களிமண்ணோ செங்கல்போல வெந்து இறுகிவிட்டது!

எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கண்டுபிடிப்பதில் ஸ்மித் கெட்டிக்காரர். தகடு செதுக்கிப் பழகிய கண் அது என்பேன். அறிஞர் ஹென்றி ராலின்சன் அவரைக் கவனித்தார். அருங்காட்சியகத்திலேயே வேலை கிடைத்தது.

1872-இல் ஒரு பலகையில், மலைமேல் தட்டி நின்ற கப்பலையும் நிலம் தேடிப் பறக்கவிட்ட புறாவையும் படித்தார். பைபிளின் நோவா கதை, நம் மச்ச அவதாரக் கதை ஆகியவற்றைப் போன்ற இன்னொரு பெருவெள்ளக் கதை! கில்காமெஷ் காவியத்தின் 11-ஆம் பலகை அது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. மகிழ்ச்சியில் அவர் உடையைக் களையத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அதை எழுதிவைத்தவர் அப்போது அங்கே வேலையில்கூட இல்லை, ஆகவே நான் பாதிதான் நம்புகிறேன். டிசம்பர் 3-ஆம் நாள் ஸ்மித் அந்தக் கதையை வாசித்த கூட்டத்துக்குப் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்திருந்தார்.

டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் 1,000 கினி கொடுத்து அவரை நினிவேக்கு அனுப்பியது. தோண்டிய சில நாள்களிலேயே வெள்ளக் கதையின் இன்னொரு துண்டு கிடைத்தது.

1876-இல் மூன்றாம் பயணம். கொள்ளைநோயும் கொடும் வெயிலும் தோண்ட விடவில்லை. திரும்பும் வழியில் வயிற்றுக்கடுப்பு கண்டு, ஆகஸ்ட் 19-ஆம் நாள் சிரியாவின் அலெப்போ நகரில் காலமானார். வயது 36. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 150 பவுண்டு உதவித்தொகை வழங்கப்பட்டது.