செடியின் குலமுறை கண்ட ஜானகி அம்மாள்

நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருப்பதை அறியாதார் நம்முள் இலர். அங்கே சிறிது காலம் பணியாற்றி, 1970-ஆம் ஆண்டில் சென்னை சென்று குடியமர்ந்த ஓர் அம்மையாரை நம் பிள்ளைகள் அறிவார்களா என்பது ஐயமே. அவர்தாம் தாவரவியல் பேரறிஞர் ஜானகி அம்மாள்.

தலைச்சேரியில் 1897-இல் பிறந்த அம்மையார், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே அரிதாயிருந்த அக்காலத்தில், மணவாழ்வை நாடாது கடல் கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உயிரணுவினுள் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகள் உள. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாக அவை சேய்க்கு வருகின்றன. ஆதலின் கலப்பினச் செடியொன்றில் அவற்றை எண்ணிப் பார்த்தால், அதன் பெற்றோர் இவையென்று சொல்லப்படுவது பொருந்துமா என்பது புலனாகும். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணிபுரிந்த அம்மையார், கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பெற்ற கன்றுகளையும் இவ்வாறே ஆராய்ந்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். அடுத்து விஸ்லித் தோட்டத்தில் ரோடோடென்ட்ரான் இனத்தை ஆராய்ந்து, 1950-இல் துணைவர் இருவரோடு முடிவுகளை வெளியிட்டார். நீலகிரிச் சோலைகளில் செம்பூங்கொத்தோடு நிற்கும் மரமும், குளிர்நாட்டில் இலையுதிர்க்கும் அசேலியாவும் இவ்வினத்தனவே. இவற்றின் அடிப்படை எண் 13. பலவற்றில் 26 குரோமோசோம்கள் உள; சிலவற்றில் 52-உம் அதனினும் மிகுதியும் உண்டு. 26 உடைய அசேலியாவும் 52 உடையதும் கூடினால் சேய்க்கு 39 வரும். அவை இணையிணையாகப் பிரிய இயலாமையால் அச்செடி பெரும்பாலும் நல்விதை ஈனாது. தோட்டத்துப் பெயர்ப்பலகை கூறும் குலமுறை பிழையாயின், பல வேளைகளில் எண்ணிக்கையே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பிரதமர் நேரு அழைக்க, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்க 1951-இல் அம்மையார் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் ஆய்வை விடாது, சென்னையை அடுத்த மதுரவாயலில் பணிபுரிந்து 1984-இல் மறைந்தார்.

மகளை மேற்படிப்பிற்கு வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம் குடியிருப்புகளிலும் உளர். பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த நாம், கல்விக்காக ஊர்விட்டுச் செல்ல விழையும் பெண்ணைத் தடுத்தல் முறையாகுமா? இவ்வம்மையாரின் வாழ்வை எண்ணிப் பார்த்து விடை காண்போமாக.