வேதாசலம் மறைமலை ஆன கதை

1916-ம் ஆண்டு. சென்னையை அடுத்த பல்லாவரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் தந்தையும் மகளும் உலாவிக்கொண்டிருந்தனர். தந்தை வள்ளலாரின் பாடலைப் பாடினார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வந்தது. அந்த இடத்தில் ‘யாக்கை’ என்ற தமிழ்ச் சொல் இருந்தால் இன்னும் இனிக்குமே என்றார். மகள் நீலாம்பிகைக்கு அப்போது வயது 13. அன்று முதல் வடசொல் கலவாமல் பேசுவது, எழுதுவது என்று இருவரும் உறுதி செய்தனர்.

அந்தத் தந்தைதான் சுவாமி வேதாசலம். 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் 13 ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். 1911-ல் வேலையை விட்டார், காவி உடுத்தார். வடமொழி தெரியாமல் அதை விலக்கியவர் அல்லர். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவரே அவர்தான்!

முதலில் தம் பெயரில் கை வைத்தார். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ பத்திரிகை ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. மகன் மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். இதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த சூரியநாராயண சாஸ்திரியார், இதற்கு முன்பே பரிதிமாற்கலைஞர் என்று புனைபெயர் சூடியிருந்தார். ஆனால் அவர் 1903-லேயே மறைந்துவிட்டார்.

கேலி செய்தவர்கள் உண்டு. அடிகள் அசையவில்லை. வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் திரட்டி நீலாம்பிகை ஓர் அகராதியே செய்தார். பாவம், அந்த அம்மையார் தந்தைக்கு முன்னே காலமானார். அடிகள் மறைந்தது 1950-ல்.

ஒரு வீட்டில் பிறந்த வழக்கம் ஊருக்குப் பரவியது எப்படி? தமிழாசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள். திராவிட இயக்கத்தார் மேடையில் முழங்கினார்கள். பத்திரிகையும் சினிமாவும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. நமஸ்காரம் வணக்கம் ஆயிற்று. அக்கிராசனாதிபதி தலைவர் ஆனார். காரியதரிசி செயலாளர் ஆனார். அபேட்சகர் வேட்பாளர் ஆனார்.

எல்லாரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் ஜலம் கேட்பார்கள். அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்பார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் விவாகம் இருக்கும். இன்னொன்றில் திருமணம் இருக்கும்.

அடிகள் விரும்பிய ‘யாக்கை’ என்ன ஆயிற்று? அது புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஜனங்கள் உடம்பு என்றே சொன்னார்கள். அதுவும் நல்ல தமிழ்தானே! தேகப்பயிற்சிச் சாலை உடற்பயிற்சிக்கூடம் ஆயிற்று. இன்று தியாகராய நகர் இளைஞர்கள் அதையும் சுருக்கி, ‘ஜிம்’ என்கிறார்கள்.