கம்பங்களுக்கு நடுவே ஒரு தங்கராஜ்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூரிலிருந்து வள்ளவிளை வரை, மாலை வேளைகளில் நடந்து சென்றால் மணலில் பந்து உருளாத இடம் அரிது. அங்கே சிறுவர்கள் அணி பிரிக்கும்போது கோல் காக்கும் வேலை பெரும்பாலும் விருப்பமில்லாதவனின் தலையில்தான் விழுகிறது. கோல் போடுபவனைத் தோளில் தூக்குவார்கள். தடுப்பவனைத் தவறவிட்ட ஒரு பந்துக்காகவே நினைவில் வைத்திருப்பார்கள். அந்தச் சிறுவர்களிடம் சொல்ல வேண்டிய பெயர் பீட்டர் தங்கராஜ்.

1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்த அவர், செகந்திராபாத்தின் உள்ளூர்க் கழகங்களில் ஆடத் தொடங்கினார். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு வந்தார். நாஞ்சில் நாட்டுக்கு அந்நியமான படையன்று அது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பட்டாலியன் அதில்தான் இருக்கிறது. தங்கராஜ் அங்கே முதலில் கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர். பின்னரே கோல்கீப்பரானார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் உயரம் மட்டுமே கோல்கீப்பரை உருவாக்கிவிடாது. எதிரணி முன்கள வீரன் எந்தக் கணத்தில் என்ன நினைப்பான் என்பதை அவர் அந்த இடத்திலேயே நின்று கற்றிருந்தார். என் கணிப்பில் அதுவே அவருடைய மூலதனம். 1955-லும் 1958-லும் அந்த ராணுவ அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1960-ல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்று, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்த அணியிலும் இருந்தார். இன்றைய தரவரிசையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த எண்கள் அச்சுப்பிழை போலத் தோன்றலாம்.

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தொடரின் இடையே உடல்நலம் குன்றியதால் தங்கராஜ் வெளியே உட்கார நேர்ந்தது. பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் தங்கராஜை மீண்டும் இறக்கினார். தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்கு அழைக்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்ததால் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக இரைந்துகொண்டிருந்தது. நோயிலிருந்து எழுந்து வந்தவரை, அதுவும் கோல்கீப்பரை, அந்த நாளில் நம்புவது எளிய முடிவன்று. பி.கே. பானர்ஜியும், தலைக்காயத்துடன் முன்கள வீரராக ஆடிய ஜர்னெயில் சிங்கும் கோல் அடித்தார்கள். கொரியாவால் ஒரு கோலுக்கு மேல் போட முடியவில்லை. தங்கம் இந்தியாவுக்கு வந்தது. அந்த அணியில் இன்னொரு தமிழ்ப் பெயரும் உண்டு: அருமைநாயகம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றதில்லை. ரகீம் அடுத்த ஆண்டே புற்றுநோயால் மறைந்தார். அவரைப் பற்றிய ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024-ல் வந்தபோதுதான் நம் இளைஞர்கள் பலர் தங்கராஜ் என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள்.

1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1967-ல் அர்ஜுனா விருது. கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெரிய கழகங்களுக்கும் அவர் ஆடினார். ஒன்றின் ரசிகர் மற்றொன்றின் பெயரைக்கூட உச்சரிக்கத் தயங்கும் நகரம் அது. 1971-ல் ஓய்வு பெற்றார்.

அதன் பின் பயிற்சியாளரானார். பொகாரோ எஃகு ஆலை நகரத்தில் இளையோருக்குப் பந்தாட்டம் கற்பித்தார். 2008 நவம்பர் 24 அன்று அந்த நகரத்திலேயே மாரடைப்பால் காலமானார்.