குதிரையை அளந்த ஜேம்ஸ் வாட்

காருக்குப் புது சைலன்சர் மாட்டினால் 'டர்ர்ர்...' என்று உறுமும். சத்தம் கூடினால் சக்தியும் கூடிவிடுமா? காதால் கேட்டுச் சொல்ல முடியாது, குட்டீஸ்! காரை உருளைகள் மேல் ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் என்று அளந்துதான் சொல்ல வேண்டும். அதென்ன, காருக்குள் குதிரை? அந்தக் குதிரைக் கணக்கைப் போட்டவர்தான் ஜேம்ஸ் வாட்.

இவர் 1736-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி ஸ்காட்லாந்தில் உள்ள கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அதனால் வீட்டிலேயே தாயிடம் பாடம் படித்தார். அப்பாவின் பட்டறைக் கருவிகளே அவருக்கு விளையாட்டுப் பொருட்கள்.

19 வயதில் லண்டன் சென்று, அளவுக் கருவிகள் செய்யும் தொழிலை ஒரே வருடத்தில் கற்றார். 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்யும் வேலை கிடைத்தது. ஒருநாள் நியூகோமன் நீராவி இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதன் உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கி, உடனே குளிர வைக்க வேண்டியிருந்தது. இதனால் நீராவி வீணாவதை வாட் கண்டுபிடித்தார். நீராவியைக் குளிர வைக்கத் தனிக் கலம் வைத்தால் என்ன? 1765-ல் இந்த யோசனை பிறந்தது.

ஆனால் கையில் பணம் இல்லை. பல வருடங்கள் நில அளவை வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 1775-ல் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபர் கூட்டாளியாகச் சேர்ந்த பிறகே விடிவு பிறந்தது.

சுரங்க முதலாளிகளிடம், பழைய இயந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். ஆனால் ஆலைகளில் குதிரைகள் அல்லவா செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டிருந்தன! அங்கே எதை வைத்துக் கணக்குப் போடுவது?

வாட் குதிரையையே அளந்தார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் குதிரை ஒரு மணி நேரத்தில் 144 சுற்று வந்தது. அதன் இழுப்பு 180 பவுண்டு என்று கொண்டார். பெருக்கிப் பார்த்து, நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்துவதே ஒரு குதிரைத்திறன் என்று 1783-ல் முடிவு செய்தார்.

சாதாரணக் குதிரையால் நாள் முழுவதும் இந்த அளவு உழைக்க முடியாது. குதிரையின் அளவைக் குறைத்து வைத்திருந்தால், தன் இயந்திரம் இன்னும் அதிகக் குதிரைகளுக்குச் சமம் என்று சொல்லி, கூடுதல் கட்டணம் வாங்கியிருக்கலாம். வாட் அப்படிச் செய்யவில்லை. வாங்கியவர்கள் ஏமாறவும் இல்லை.

1819 ஆகஸ்டு 25-ந்தேதி, 83 வயதில் வாட் மறைந்தார். இரண்டு வருடம் கழித்து, சுழலும் தண்டைப் பிரேக்கால் அழுத்தி அதன் சக்தியை அளக்கும் கருவியைப் பிரான்சின் பிரோனி உருவாக்கினார். இன்றைய கார் சோதனை உருளைகளுக்கு அதுவே முன்னோடி.

மின்விளக்கில் எழுதியிருக்கும் 'வாட்' இவர் பெயர்தான். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட்.

சரி, சைலன்சர் விஷயத்துக்கு வருவோம். அதே கார், அதே உருளைகள், பழைய சைலன்சருடன் ஒருமுறை, புதியதுடன் ஒருமுறை. எண் கூடியிருந்தால் சக்தி கூடியிருக்கிறது. கூடாவிட்டால் கூடியது வெறும் சத்தம்தான்!