கன்னத்துத் தழும்புதான் அவர் பெயர்

போன வருஷம் நம்ம இயக்கத்துப் பசங்க பத்துப் பேர் சேர்ந்து, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைதோறும் தொண்டு செய்யப் போக ஆரம்பித்தோம். கணக்குச் சொல்லித் தருவது, பந்து விளையாடுவது, சாப்பாடு பரிமாறுவது, இவ்வளவுதான் வேலை. சாலாக் செலாத்தானிலிருந்து காலையில் வேன் கிளம்பும்போது, ஏதோ பெரிய தர்மம் செய்யப் போகிறோம் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகுது?

முதல் நாளே அசடு வழிந்தேன். பெருக்கல் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்! எட்டு வயசுப் பெண் ஒருத்தி தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூன்று விரலைத் தன் நெற்றியில் வைத்து இடமிருந்து வலமாக இழுத்தாள். சுற்றி இருந்த பிள்ளைகளும் அதையே செய்தார்கள். அன்றைக்கு நான் திருநீறு பூசிக்கொண்டு போயிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பள்ளியில் அதுதான் என் பெயர்.

அங்கே பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியைக்கும் காது கேட்காது. அவர் தாளில் எழுதி எனக்கு விளக்கினார். காது கேளாதோர் உலகில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் தர வேண்டும். பிறகு இரண்டு விரலால் தன் வலது கன்னத்தை மெல்லத் தடவிக் காட்டினார். இது யார் பெயர் தெரியுமா என்று எழுதிக் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். லோரன்ட் கிளர்க் என்று எழுதினார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கிளர்க் 1785 டிசம்பர் 26 அன்று பிரான்ஸ் நாட்டில், லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். ஒரு வயசில் நாற்காலியிலிருந்து அடுப்புத் தீயில் விழுந்துவிட்டார். வலது கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது. அதனால்தான் காது போச்சு என்று வீட்டில் நம்பினார்கள். பிறவியிலேயே கேட்காமல் இருந்திருக்கலாமோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. எப்படியோ, பன்னிரண்டு வயசு வரை பள்ளிக்கூடம் இல்லை. மாடு மேய்த்து, ஊரைச் சுற்றி வளர்ந்தார்.

1797இல் மாமா ஒருவர் அவரைப் பாரிஸ் நகரத்தில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். டி லெப்பே என்ற பாதிரியார் தொடங்கிய பள்ளி அது. தெருவில் காது கேளாத ஏழைகள் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்து, அந்தக் கை மொழியை வைத்தே பாடம் சொல்ல முடியும் என்று கண்டுகொண்டவர் அவர். கிளர்க்குக்கு அங்கே வாய்த்த குரு ஜான் மாசியூ. மாசியூவுக்கும் காது கேட்காது. தன்னைப் போலவே ஒருவர் வாத்தியாராக முன்னால் நிற்பதைப் பார்த்தபோது அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் எல்லாம் இனிப்பாக இல்லை. வாயால் பேசப் பழக்கும் வகுப்பும் அங்கே இருந்தது. உச்சரிப்பு சரியாக வரவில்லை என்று ஒரு துணை ஆசிரியர் கோபத்தில் அவர் தாடையில் குத்த, நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி வாய் திறந்து பேசுவதே இல்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தார். படிப்பில் மட்டும் ஏறிக்கொண்டே போனார். படித்த பள்ளியிலேயே ஆசிரியரும் ஆனார்.

இந்தச் சமயத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஆலிஸ் காக்ஸ்வெல் என்று ஒரு சிறுமி இருந்தாள். சின்ன வயசுக் காய்ச்சலில் காது போனவள். பக்கத்து வீட்டு இளைஞர் தாமஸ் கேலடெட், ஒரு நாள் தன் தொப்பியைக் காட்டி, அந்தச் சொல்லை மண்ணில் எழுதி அவளுக்குப் புரியவைத்தாராம். ஆலிஸின் அப்பா ஒரு டாக்டர். அவரும் ஊர்ப் பெரியவர்களும் பணம் திரட்டி, கற்பிக்கும் முறையைக் கற்றுவர 1815இல் கேலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டனில் அந்த முறையை ஒரு குடும்பம் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது. கேலடெட் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் லண்டனில் பாரிஸ் பள்ளித் தலைவர் சிக்கார், மாசியூ, கிளர்க் மூவரும் நடத்திய கூட்டத்தைப் பார்த்தார். அவர்கள் பாரிஸுக்கு வரச் சொன்னார்கள். போய்ச் சில மாதம் படித்தார். தான் மட்டும் திரும்பிப் போனால் போதாது என்று அவருக்குப் புரிந்தது. கிளர்க்கைக் கூப்பிட்டார்.

கிளர்க்குக்கு அப்போது வயசு முப்பது. அம்மாவுக்கு மகனை அனுப்ப மனசில்லை, சிக்காருக்கும் விருப்பமில்லை. கடல் கடந்த ஊர், தெரியாத இங்கிலீஷ், காதும் கேட்காது. இருந்தும், மூன்று வருஷம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு 1816 ஜூன் 18இல் கப்பல் ஏறினார். நியூயார்க் போய்ச் சேர 52 நாள் ஆனது.

அந்த 52 நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கப்பலில் கிளர்க் கேலடெட்டுக்குச் சைகை கற்றுக்கொடுத்தார். கேலடெட் அவருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார். உதவி செய்யக் கிளம்பிய கேலடெட், காது கேளாத ஒருவரின் காலடியில் மாணவராக உட்கார்ந்தார். வாய்ப்பாட்டைக் கத்திச் சொன்ன என் முகம் அப்போது ஞாபகம் வந்தது.

இறங்கியதும் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார்கள். கூட்டத்தில் யார் கேள்வி கேட்டாலும் கிளர்க் எழுதியே பதில் சொல்வார். 1817 ஏப்ரல் 15இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் ஏழே மாணவர்கள், அதில் ஒருத்தி ஆலிஸ். கிளர்க் கொண்டுவந்த பிரெஞ்சு சைகையும், பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்துதான் அமெரிக்கச் சைகை மொழி உருவானது. அந்தப் பள்ளியில் படித்த எலைசா என்ற பெண்ணை 1819இல் மணந்தார். ஆறு பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு என்று வந்தவர் 41 வருஷம் பாடம் சொல்லி, 1858இல்தான் ஓய்வு பெற்றார். 1869 ஜூலை 18இல் ஹார்ட்ஃபோர்டிலேயே காலமானார்.

அவர் போய்ப் பதினோரு வருஷத்தில், 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். வாய்ப்பேச்சு முறைதான் சரி, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. வகுப்பில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அதன் பாதிப்பு நம் நாடு வரை வந்தது. 1954இல் பினாங்கில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியிலும் வாய்ப்பேச்சு முறைதான். ஆனால் வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் விடுவார்களா? தாங்களே கையால் ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்கு சைகை மொழி என்று இன்றும் பெரியவர்கள் சிலரிடம் அது இருக்கிறது. 1970களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற காது கேளாத பேராசிரியை இங்கே வந்து, சைகையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்கச் சைகைகள் பல நம் மலேசியச் சைகை மொழியில் கலந்தன. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த மொழியைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டது.

ஆக, என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பாப்பாவின் விரல்களில் பாரிஸும் இருக்கு, ஹார்ட்ஃபோர்டும் இருக்கு. கன்னத்தில் தழும்போடு கப்பல் ஏறிய அந்த மனிதரும் இருக்கார்.

நம்ம சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார். வியாழக்கிழமை விளக்கேற்றிச் சுற்றி வருகிறோம். அவர் சீடர்களுக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் சின்முத்திரை, அதுதான் பாடம். கையால் சொல்லும் ஞானத்தைக் கும்பிடத் தெரிந்த நமக்கு, கையால் பேசும் பிள்ளையைப் பார்த்தால் மட்டும் பாவம் என்று சொல்லத் தோன்றுவது ஏன்?

கடைசியாக ஒரு வருத்தம். பத்துப் பேராகப் போனோம் என்றேன் இல்லையா? இரண்டாவது மாதம் ஆறு பேர் ஆனோம். இப்போது மூன்று பேர். படம் எடுத்துப் போட்டதோடு பலருக்குத் தொண்டு முடிந்துவிட்டது. வராதவர்களின் சைகைப் பெயரைச் செய்து காட்டி, எங்கே என்று பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். பதில் சொல்ல என் கை எழவில்லை.

யாரும் 41 வருஷம் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போதும். வருவதற்கு முன் கொஞ்சம் சைகை கற்றுக்கொள்ளுங்கள். தெரியாததை அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். நம் முகாம்களுக்கும் சமய வகுப்புகளுக்கும் காது கேளாத இளைஞர்களைக் கூப்பிடுவோம், கூடவே சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் ஏற்பாடு செய்வோம். சனிக்கிழமை காலை வேன் வழக்கம்போலக் கிளம்பும். ஏழு இடம் காலியாக இருக்கு.