பறக்க ஆசைப்பட்டவரின் பீரங்கி



நியூட்டனின் மூன்றாம் விதி நடத்தும்போது டீச்சர் துப்பாக்கியைச் சொன்னாங்க. குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையை வைத்தே உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் ஹிராம் மாக்சிம்.

1840-இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிறந்தார். 14 வயதிலேயே வண்டி செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார். (எனக்கும் 14 வயசுதான்!) பிறகு லண்டனுக்குப் போனவர், 1884-இல் ஒரு துப்பாக்கி செய்து காட்டினார். அதுவரை வேகமாகச் சுடணும்னா ஒருத்தர் கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருக்கணும். இவர் அந்தப் பின்னுதைப்பையே வேலை வாங்கினார். அது காலித் தோட்டாவை வெளியே தள்ளும், அடுத்ததை ஏற்றும், திரும்பவும் சுடும். நிமிடத்துக்கு 600 குண்டு!

படிக்கும்போது கை தட்டத் தோணுச்சு. அடுத்த பக்கத்தில் அந்த ஆசை போயிடுச்சு. 1898-இல் சூடான் நாட்டில் ஓம்டுர்மான் என்ற இடத்தில், ஆங்கிலேயர் படையின் பீரங்கிகளுக்கும் மாக்சிம் துப்பாக்கிகளுக்கும் முன்னால் ஒரே நாளில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். அந்தப் பக்கம் இறந்தவர்கள் 50 பேர்கூட இல்லை.

ஆனால் மாக்சிமின் பெரிய ஆசை பறப்பது. 1894-இல் 3 டன்னுக்கும் மேல் எடையுள்ள நீராவி விமானம் கட்டி, தண்டவாளத்தில் ஓடவிட்டார். ரொம்ப மேலே போகாமல் இருக்கத் தடுப்புக் கட்டை வைத்திருந்தார். விமானம் கிளம்பின வேகத்தில் அந்தக் கட்டையே உடைந்துவிட்டது! உடனே நீராவியை நிறுத்திவிட்டார். அதோடு சரி. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல்தான்.

இவருடைய துப்பாக்கியைப் பெரிதாக்கி 37 மில்லிமீட்டர் பீரங்கி செய்திருந்தார்கள். அது போடும் சத்தத்தாலேயே அதற்கு 'பாம்-பாம்' என்று பேர். 1914-இல் முதல் உலகப்போர் வந்ததும் அதை லாரியின் முதுகில் ஏற்றி, வானத்தைப் பார்த்துத் திருப்பினார்கள். 1915 முதல் அதே முறையில் செய்த 40 மில்லிமீட்டர் பீரங்கி போர்க்கப்பலிலும் ஏறியது. இரண்டாம் உலகப்போரில் எட்டுக் குழல் சேர்ந்து ஒன்றாகச் சுட்டது. ஏன் அத்தனை? மரத்து மாங்காயை ஒரே கல்லில் அடிச்சிடலாம். பறக்கிற கிளியை அடிக்க முடியுமா? அது போகப்போற இடத்தைப் பார்த்து எறியணும், அதுவும் கல்லு மேல கல்லா எறியணும். கப்பலில் நம்ம காலடியும் ஆடும்.

ஆக, பறக்க ஆசைப்பட்டவரின் யோசனைதான் பறக்கிறவர்களைச் சுட்டு விழுத்தியது. அவருக்குத் துப்பாக்கிச் சத்தத்தில் காது போய்விட்டது. 1916-இல் இறந்தார்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அவருக்கு மூச்சுக்குழல் நோயும் இருந்தது. அதனால் மருந்து ஆவியை உள்ளே இழுக்க ஒரு கண்ணாடிக் குழல் செய்து விற்றார். போலி வைத்தியர் மாதிரி இது என்ன வேலை என்று நண்பர்கள் திட்டினார்களாம். துப்பாக்கி செய்தப்ப யாரும் திட்டலையேன்னு அவருக்கு வருத்தம்.

எங்க அப்பத்தாவுக்கும் இழுப்பு உண்டு. இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். அந்தக் குழல் இப்பக் கிடைக்குமான்னு மட்டும் கேட்டாங்க.