கேலிக்கு ஆளான பையன்

ஸ்காட்லாந்துக் கிராமத்து வீட்டில் வளர்ந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1841-ல் பத்து வயதில் எடின்பரோ அகாடமியில் சேர்ந்தார். வீட்டில் தைத்த சட்டை, அப்பா வடிவமைத்த சதுர மூக்கு ஷூ, கிராமத்துப் பேச்சு. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு! முதல் நாளே சட்டையைக் கிழித்தார்கள். அரைக்கிறுக்கன் என்கிற மாதிரி பட்டப்பெயரும் வைத்தாச்சு.

கூச்சக்காரப் பையன் ஒதுங்கியிருந்தே எல்லாவற்றையும் கவனித்தான். லூயிஸ் காம்ப்பெல், டெய்ட் என இரண்டு பள்ளித் தோழர்கள் அவனிடம் நெருங்கினார்கள். பதினான்கு வயதில் எழுதிய கணிதக் கட்டுரை, 1846-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சின்னப் பையன் என்பதால் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் வாசித்தார்.

ஒளி ஒரு மின்காந்த அலை என்று 1865-ல் நிறுவியவர் இவரே. ரேடியோவுக்கு அதுதான் அஸ்திவாரம். 1879-ல் 48 வயதில் மறைந்தார். வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் ஒருவர், அந்தப் பள்ளித் தோழர் காம்ப்பெல்தான்.

தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் பேசாத ஒருவர் இருப்பார். சிரிக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்தில் போய் உட்காருங்களேன்.